புளியமரத்தடிப் புதன்கிழமைகள்: ரியோவின் ஒரு தெருக்குழு பற்றிய நிகழ்வு ஆய்வு

நம் ஊரில் இருட்டிய பிறகு புளியமரத்தடியில் யாரும் பாய் விரிப்பதில்லை. பேய் இருக்கும் என்பார்கள். பேயை நம்பாதவர்களும் எதற்கு வம்பு என்று வேப்பமரத்தடிக்குப் போய்விடுவார்கள். ரியோ டி ஜெனீரோவின் வடபகுதியில் ஒரு புளியமரம் இருக்கிறது. அதற்கு அடியில் ராத்திரி உட்கார்ந்தால் நல்ல பாட்டு வரும் என்பது அங்கே நம்பிக்கை. கசீக்கி டி ராமோஸ் என்ற கார்னிவல் குழுவின் மைதானத்து மரம் அது. கார்னிவல் என்பது கிறிஸ்தவரின் தவக்காலத்துக்கு முன் வரும் தெருத் திருவிழா. (பிரேசில்காரர் வாயில் 'ராமோஸ்' கிட்டத்தட்ட 'ஹாமுஸ்' ஆகிவிடும். நாம் எழுத்தைப் பார்த்தே படித்துக்கொள்வோம்.)

இந்தக் குழு தெருவில் இறங்குவது ஆண்டுக்கு மூன்று நாள், கார்னிவலின் ஞாயிறு, திங்கள், செவ்வாய். ஆனால் இன்று பிரேசிலில் எந்த ஊரில் நாலு பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து அந்நாட்டுத் தாள இசையான சம்பாவைப் பாடினாலும், அவர்கள் கையில் இருக்கும் வாத்தியங்களில் மூன்று இந்த மைதானத்தில் பிறந்தவை அல்லது இங்கிருந்து பரவியவை. ஒரு தெருக்குழுவால் எப்படி ஒரு நாட்டு இசையின் வாத்திய அமைப்பையே மாற்ற முடிந்தது? அதைப் பார்க்கத்தான் இந்த ஆய்வு. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கார்னிவல் அதைச் செய்யவில்லை, கார்னிவல் இல்லாத நாட்களின் சாப்பாட்டு மேசை செய்தது.

ரயில்பாதை ஓரத்துப் பேட்டை

ரியோ என்றால் நமக்குக் கடற்கரையும் மலைமேல் கை விரித்து நிற்கும் ஏசு சிலையும் நினைவுக்கு வரும். ராமோஸ் அந்த ரியோ அல்ல. லெயோபோல்டினா ரயில்பாதையை ஒட்டி வளர்ந்த புறநகர் பேட்டைகளில் ஒன்று அது. பக்கத்தில் ஒலாரியா, பொன்சுசெஸ்ஸோ, பென்யா. தொழிலாளர்களும் சின்ன உத்தியோகக்காரர்களும் வாழ்ந்த இடம். வீட்டுக்குப் பின்னால் கொல்லைப்புறம் இருக்கும். கொல்லைப்புறம் இருந்தால் பாட்டும் இருக்கும். ஷோரோ இசையின் மாமேதை பிக்சிங்கின்யா இந்தப் பக்கத்தில்தான் குடியிருந்தார். அவரும் அவர் கூட்டாளிகளும் கூடிய இசைக்கூட்டங்களுக்குத் தன் தகப்பனாருடன் சிறுவயதில் போனதைக் குழுவின் நிறுவனர் பிரா சொல்வதுண்டு. இம்பெராட்ரிஸ் லெயோபோல்டினென்சி என்ற பெரிய சம்பா பள்ளி 1959இல் இதே ராமோஸில்தான் தொடங்கியது.

'சம்பா பள்ளி', 'தெருக்குழு' இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரியாவிட்டால் மேற்கொண்டு எதுவும் புரியாது. பள்ளி என்பது போட்டிக்குப் போவது. ஆண்டுதோறும் ஒரு கருப்பொருள், அதற்கேற்ற பாட்டு, அலங்கார வண்டிகள், நடுவர்கள், மதிப்பெண். ப்ளோக்கோ என்கிற தெருக்குழுவில், அதுவும் கசீக்கி போன்ற வகையில், கதையும் கிடையாது வண்டியும் கிடையாது. எல்லோருக்கும் ஒரே உடை, ஒரே பாட்டு, பெரிய தாளக்கூட்டம், ஆட்டம். அவ்வளவுதான். உடையை வாங்கினால் நீங்களும் குழு.

கசீக்கி தொடங்கியது 1961 ஜனவரி 20 அன்று. அது ரியோவின் காவல் புனிதரான செபஸ்தியாரின் திருநாள். ரியோவின் ஆப்பிரிக்க வழி வழிபாட்டு மரபில் செபஸ்தியாருக்குள் ஒஷோஸ்ஸி என்ற தெய்வத்தைக் காண்பார்கள். அவர் காட்டுக்கு உரிய வேட்டைக்காரர். பேட்டையைச் சேர்ந்த சில குடும்பங்கள் சேர்ந்து தொடங்கிய குழு. அதில் முக்கியமானது ஃபெலிக்ஸ் டோ நாசிமெண்டோ குடும்பம். அந்த வீட்டுப் பிள்ளைகளின் பெயர்கள் உபிராஜாரா (மேலே சொன்ன பிரா இவர்தான்), உபிரானி, உபிராசி. மூன்றும் பிரேசிலின் பழங்குடி மொழியான துப்பியின் சாயலில் வைத்த பெயர்கள். கசீக்கி என்றால் பழங்குடித் தலைவன். வேட்டைக்காரத் தெய்வத்தின் நாள், பழங்குடிப் பெயர் கொண்ட அண்ணன் தம்பிகள், எல்லாம் கூடிவர, உடையும் 'இந்தியன்' உடை ஆகிவிட்டது. சிவப்பு, வெள்ளை, கறுப்பு நிறங்கள், தலையில் இறகு.

ஆனால் அந்த உடை பிரேசில் பழங்குடியினரின் உடை அல்ல. ஹாலிவுட் குதிரைவீரர் படங்களில் வரும் வட அமெரிக்க அப்பாச்சிகளின் சாயல்தான் அதில் அதிகம். பழங்குடி வேடம் போடுவது சரியா என்ற கேள்வி இப்போது பிரேசிலில் பலமாகவே எழுகிறது. எழ வேண்டிய கேள்விதான். என் கணக்கில், தெய்வ நம்பிக்கையும் சினிமா மோகமும் ஒரே தலைப்பாகையில் கலந்த விஷயம் இது. அதை வெறும் கேலி வேடம் என்று ஒதுக்கவும் மனம் வரவில்லை, பழங்குடியினருக்குச் செய்த மரியாதை என்று மெச்சவும் முடியவில்லை.

அறுபதுகளிலும் எழுபதுகளிலும் இந்த உடையில் ஆயிரக்கணக்கானோர் நகரின் மையச் சாலைகளை நிறைத்தார்கள். எதிரணி, கட்டும்பி பேட்டையின் பஃபோ டா ஓன்சா. 1956இல் தொடங்கியது. பெயருக்கு 'சிறுத்தையின் வாய்மூச்சு' என்று பொருள். குடித்தவன் வாய் நாற்றத்துக்கும் பேச்சுவழக்கில் அதே சொல்தான். இவர்கள் சிறுத்தைப் புள்ளி உடை, அவர்கள் இறகுத் தலை, எதிரும் புதிருமாக வந்தால் பாட்டுப் போட்டி சில சமயம் கைகலப்பிலும் முடியும். ஒருவர் பாட்டு நகரத்து வாயில் நுழைந்துவிட்டால் மற்றவருக்கு அந்த ஆண்டு போச்சு. அப்போது நாட்டில் ராணுவ ஆட்சி. கூட்டம் கூடுவதே சந்தேகத்துக்கு உரிய காலத்தில் இத்தனை கறுப்பின உழைப்பாளிகள் ஒரே உடையில் நடுச்சாலையை எடுத்துக்கொண்டார்கள். ஓவியர் கார்லோஸ் வெர்காரா எழுபதுகளில் பல ஆண்டுகள் கேமராவோடு இந்தக் குழுவின் பின்னால் திரிந்ததற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். அந்தப் படங்கள் இன்று பிரேசில் நவீனக் கலையின் பேசப்படும் தொகுப்புகளில் ஒன்று.

மேசை

இனி விஷயத்துக்கு வருவோம். குழுவின் மைதானம் ஊரானுஸ் தெருவில், ஒலாரியா எல்லைக்குள் இருக்கிறது. அங்கே புதன்கிழமை இரவுகளில் நண்பர்கள் கூடுவார்கள். பந்து விளையாட்டு, சமையல், பீர், அப்புறம் பாட்டு. கார்னிவலுக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. ஒத்திகையும் இல்லை. வேலை முடித்த ஆட்கள் வாரநடுவில் மூச்சு வாங்க வந்த கூட்டம்.

இதை ரோடா என்பார்கள், 'வட்டம்' என்று பொருள். நடுவில் மேசை, மேசையைச் சுற்றி வாத்தியக்காரர்கள், அவர்களைச் சுற்றி நின்றுகொண்டு மற்றவர்கள். மேடை கிடையாது, மைக் கிடையாது. பல்லவியை எல்லோரும் கைதட்டிப் பாடுவார்கள். சரணத்தை ஒருவர் அங்கேயே கட்டிப் பாட, அடுத்தவர் அதற்குப் பதில் கட்டுவார். பார்ட்டிடோ ஆல்ட்டோ என்று பெயர். நம் எசப்பாட்டுப் பழக்கம் உள்ளவர்களுக்கு விளக்கவே வேண்டாம்: முந்தையவன் விட்ட சொல்லைப் பிடித்து அவனையே மடக்க வேண்டும், தாளமும் தப்பக் கூடாது.

இப்போது ஒரு நடைமுறைச் சிக்கல். தெரு ஊர்வலத்தின் வாத்தியங்கள் தெருவுக்காகச் செய்தவை. சுர்டோ என்ற பெரிய முரசைத் தோளில் மாட்டி, நின்றுகொண்டு, தலை உருண்ட கோலால் அடிக்க வேண்டும். ரெபினிக்கி என்ற இருமுகக் கொட்டு குச்சியடியில் காதைக் கிழிக்கும். ஆயிரம் பேர் ஆடும் சாலைக்கு அது வேண்டும். மேசையில் உட்கார்ந்து ஒருவன் கட்டும் சரணத்தைக் கேட்க வேண்டுமானால் அது கொலை. மறுபக்கம், இசையைத் தாங்கும் நரம்பு வாத்தியமான கவக்கின்யோ நான்கு கம்பி உள்ள குட்டி கிதார். இத்தனை கைதட்டலுக்கும் குரலுக்கும் நடுவில் அதன் சத்தம் முழுகிப்போகும். ஆக, கொட்டு அளவுக்கு மீறி ஒலிக்கிறது, கம்பி போதாமல் கிடக்கிறது.

தீர்வு மூன்று பேரிடமிருந்து வந்தது. செரெனோ, சுர்டோவின் வேலையைத் தந்தான் என்ற நீண்ட குழல் கொட்டுக்கு மாற்றினார். மடியில் சாய்த்து வைத்து, ஒரு கையால் தோலில் கனத்த அடி, மற்ற கையால் உடம்பில் சின்னத் தட்டு. அடித்தாளம் நிலைத்தது, பேச்சும் கேட்டது. பிராவின் தம்பி உபிரானி, ரெபினிக்கியின் அடித்தோலைக் கழற்றிவிட்டு, குச்சியைத் தூக்கி எறிந்து, கையால் வாசித்தார். ஒரு கை தோலில் உருட்டும், மற்றக் கை விரல்கள் உலோக உடம்பில் சொடுக்கும். அதற்கு 'கை ரெபிக்கி' என்றே பெயர் வந்தது. சல்கெய்ரோ குன்றிலிருந்து வந்த அல்மிர் கினெட்டோ, பாஞ்சோ என்ற அமெரிக்க நரம்பு வாத்தியத்தின் தோல் வைத்த வட்ட உடம்பில் கவக்கின்யோவின் கழுத்தையும் சுருதியையும் பொருத்திக்கொண்டார். தோல் என்பதால் கம்பி கொட்டுபோலவே 'சட் சட்' என்று வெட்டிப் பேசும். யார் கைதட்டினாலும் முழுகாது. இவர்களோடு பிரா கையில் பண்டெய்ரோ, நம் கஞ்சிராவுக்கு ஒன்றுவிட்ட உறவு என்று சொல்லலாம், ஜால்ரா வரிசை கூடுதலாக.

இந்த மாற்றங்களை 'புதுமை' என்று எழுதுபவர்கள் ஒன்றைத் தவற விடுகிறார்கள் என்று எனக்குப் படுகிறது. யாரும் ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து வாத்தியம் கண்டுபிடிக்கவில்லை. பக்கத்தில் இருப்பவன் பாடுவது காதில் விழ வேண்டும், எதிரே இருப்பவனின் தட்டு கீழே விழக் கூடாது, எழுந்து நிற்காமல் மணிக்கணக்கில் வாசிக்க முடிய வேண்டும். மூன்று வாத்தியத்தையும் பாருங்கள், எல்லாமே மடியில் அடங்குபவை. சம்பாவின் ஒலியை மாற்றியது உட்காரும் முறை.

இதற்கு முன்மாதிரியும் உண்டு. அந்த மேசையில் இருந்த நெயோசி, ஜோவாவ் டா பையானாவின் மகன். பண்டெய்ரோவைச் சம்பாவுக்குள் கொண்டுவந்த பெருமை ஜோவாவுக்கு உண்டு. சாப்பாட்டுத் தட்டைக் கத்தியால் சுரண்டித் தாளம் போடுவதிலும் அவர் பேர்போனவர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போலீஸ் அவர் பண்டெய்ரோவைப் பறித்துக்கொண்டதும், செனட்டர் பின்யெய்ரோ மஷாடோ புதிதாக ஒன்று செய்து, தன் பெயர் பொறித்துக் கொடுத்ததும் சம்பா உலகில் எல்லோருக்கும் தெரிந்த கதை. செனட்டர் பெயர் இருந்தால் எந்த ஏட்டு கை வைப்பான்?

வெளியாள் ஒருவர் வருகிறார்

மைதானத்துக்குள்ளேயே இது நின்றிருந்தால் நாம் இதைப் பேசிக்கொண்டிருக்க மாட்டோம். எழுபதுகளின் பிற்பகுதியில் வாஸ்கோ அணியின் கால்பந்து வீரர் அல்சிர் போர்ட்டெலா, பாடகி பெத் கார்வாலியோவை இங்கே அழைத்து வந்தார். பெத் நகரின் தென்பகுதிப் பெண், 1968 சர்வதேசப் பாட்டு விழாவில் மூன்றாம் பரிசு வாங்கியவர், அப்போதே நிலைபெற்ற நட்சத்திரம். அவர் வந்து கேட்டது புதிதல்ல. பலரும் வந்து கேட்டிருப்பார்கள். அவர் செய்த அடுத்த காரியம்தான் பெரிது. பாட்டை மட்டும் வாங்கிக்கொண்டு போய் ஸ்டூடியோ வாத்தியக்காரர்களை வைத்துப் பாடாமல், மேசையையே ஸ்டூடியோவுக்குக் கொண்டுபோனார். 1978இல் ரில்டோ ஓரா தயாரிப்பில் வந்த இசைத்தட்டில் தந்தானும் கை ரெபிக்கியும் பாஞ்சோவும் ஒலித்தன. அதில் ஜோர்ஜி அரகாவ், டிடா, நெயோசி மூவரும் சேர்ந்து கட்டிய 'வோ ஃபெஸ்டெஜார்' பாட்டு நாடு முழுக்கப் பரவியது. கைவிட்டுப் போன காதலியின் துன்பத்தைப் பார்த்துக் கொண்டாடும் பாட்டு அது. பின்னாளில் கால்பந்து மைதானங்களில் தோற்ற அணியைப் பார்த்துப் பாடும் பாட்டாகவும் ஆனது.

அடுத்த ஆண்டு பெத் பாடிய 'கொய்சின்யா டோ பாய்' பாட்டும் இந்த வட்டத்து ஆட்கள் கட்டியதுதான். அரகாவ், அல்மிர், லூயிஸ் கார்லோஸ் மூவரும் எழுதியவர்கள். 1997இல் செவ்வாய்க் கிரகத்தில் இறங்கிய நாசாவின் சோஜர்னர் ஊர்தியை 'எழுப்ப' இந்தப் பாட்டைப் போட்டார்கள். குழுவில் ஒரு பிரேசில் பொறியாளர் இருந்ததன் புண்ணியம். கொல்லைப்புறப் பாட்டு போன தூரம்!

1980இல் மேசைக்காரர்களே ஃபுண்டோ டி கின்டால் என்ற பெயரில் தங்கள் முதல் இசைத்தட்டை வெளியிட்டார்கள். பெயருக்கு அர்த்தம் 'கொல்லைப்புறம்'. அல்மிரும் அரகாவும் விரைவில் தனித்தனியே போய்விட, பாஞ்சோவைக் கையில் எடுத்தவர் ஆர்லிண்டோ க்ருஸ். இதே மேசையில் எசப்பாட்டுப் பாடிப் பெயர் வாங்கிய ஒல்லியான இளைஞர் ஒருவரை 1983இல் பெத் தன் இசைத்தட்டில் சேர்த்துப் பாடவைத்தார். அவர்தான் ஸெக்கா பகோடின்யோ, இன்று பிரேசிலில் மிகவும் நேசிக்கப்படும் சம்பாப் பாடகர்களில் ஒருவர்.

ஒரு சொல்லின் பயணம்

ஸெக்காவின் பெயரிலேயே இருக்கிறது அந்தச் சொல்: பகோஜி. கொல்லைப்புறத்தில் சாப்பாடும் பாட்டுமாகக் கூடும் கூட்டத்துக்குப் புறநகரில் அதுதான் பெயர். நம் டீக்கடைப் பக்கோடாவுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் நமக்குச் சம்பந்தம் உண்டு. பதினாறாம் நூற்றாண்டில் தென்னிந்தியக் கரைக்கு வந்த போர்ச்சுகீசியர் இங்குள்ள கோயில்களைக் குறிக்கப் பயன்படுத்திய சொல் இது. 'பகவதி' திரிந்து வந்தது என்பது அதற்குச் சொல்லப்படும் விளக்கங்களில் ஒன்று. நம் வராகன் காசைக் கும்பினிக்காரர்கள் மதராசில் 'பகோடா' என்று அழைத்ததும் இதே சொல்லால்தான். போர்ச்சுகீசிய மொழியில் அது நாளடைவில் ஆரவாரமான விருந்து, கூத்து என்று பொருள் மாறியது. திருவிழாக் கூட்டத்தின் சத்தத்தைக் கேட்டுத்தான் மாறியிருக்கும் என்பது என் ஊகம். கொட்டும் நாதஸ்வரமும் முழங்கும் கோயிலை வெளியே நின்று கேட்டவனுக்கு வேறு என்ன தோன்றும்?

எண்பதுகளின் நடுவில் இசைத்தட்டு நிறுவனங்கள் பகோஜியை ஒரு வகைப்பெயராக்கி விற்றன. 1985இல் வந்த 'ஹாசா பிரேசிலெய்ரா' கூட்டுத்தட்டு அந்த அலையின் தொடக்கம். ஸெக்காவும் வீட்டுவேலை செய்து பிழைத்த ஜோவெலினா பெரோலா நெக்ராவும் அதில் பாடினார்கள். தொண்ணூறுகளில் அதே பெயரில் கீபோர்டும் காதல் உருக்கமுமாக வேறொரு இசை வந்து கோடிக்கணக்கில் விற்றது. புளியமரத்தடி ஆட்களுக்கு அந்தச் சொல் கை நழுவிப்போன மாதிரிதான்.

ஜோவெலினாவின் பெயரைச் சொல்லும்போது ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. மேசையைச் சுற்றி இருந்தவர்கள் பட்டியலை எடுத்தால் ஏறக்குறைய எல்லாம் ஆண்கள். மேசையைத் தூக்கிவிட்ட பெத் ஒரு பெண்; மரத்துக்குப் புனிதம் தந்ததும் ஒரு பெண்தான். பிராவின் தாயார் கான்செய்சாவ் அம்மா ஆப்பிரிக்க வழி வழிபாட்டு மரபில் தாய்ப்பூசாரி நிலையில் இருந்தவர். அவர் ஒரு தாயத்தை அந்தப் புளியமரத்தில் சேர்த்து ஆசி தந்தார் என்பது குழுவினர் சொல்லும் கதை. திறமையோடு வருபவன் அந்த மரத்தடியில் பாடினால் வாழ்வு துளிர்க்கும் என்ற நம்பிக்கையின் வேர் அதுதான். மரத்துக்கு ஆசி தந்தவரின் மகள் முறை உள்ளவர்களுக்கு மேசையில் நாற்காலி போட ஏன் இத்தனை தயக்கம் என்று அந்த மைதானத்தைக் கேட்கலாம்.

தெரு என்ன ஆனது

குழு புகழ்பெற்ற அதே காலத்தில் அதன் தெரு சுருங்கிக்கொண்டிருந்தது. 1984இல் கட்டடக் கலைஞர் நீமெயர் வடிவமைத்த சம்பாட்ரோமோ என்ற அணிவகுப்பு அரங்கம் திறக்கப்பட்டது. பள்ளிகளின் அணிவகுப்பு டிக்கெட்டும் தொலைக்காட்சியுமாகக் கார்னிவலின் முகமாயிற்று. தெருக்குழுக்களின் பெரும் அலை வடிந்தது. பஃபோ டா ஓன்சாவும் மெலிந்தது. இரண்டாயிரங்களில் ரியோவின் தெருக் கார்னிவல் மறுபடி பெருத்தபோது, முன்னால் நின்றவை பெரும்பாலும் வேறு பேட்டைகளின் புதுக் குழுக்கள். கசீக்கி தொடர்ந்து வந்தது, பழைய ஆயிரங்கள் இல்லாமல்.

ஆனால் பஃபோவுக்கு இல்லாத ஒன்று கசீக்கிக்கு இருந்தது, அந்த மேசை. ஊர்வலம் சிறுத்தாலும் ஆண்டு முழுவதும் மைதானத்துக்கு ஆள் வந்தார்கள். ரோடா பின்னாளில் ஞாயிற்றுக்கிழமைக்கு மாறியது. 2012இல் மங்கெய்ரா என்ற பெரும் பள்ளி கசீக்கியையே தன் கருப்பொருளாக்கிச் சம்பாட்ரோமோவில் இறங்கியது. பாதி வழியில் தாளக்கூட்டம் நெடுநேரம் வாய்மூடி நிற்க, கூட்டம் மட்டும் பாடிக்கொண்டே போனது. பள்ளிகளின் கோட்டையில் நடந்தது ஒரு ரோடாவின் வேலை. பத்திரிகைகளில் அதைத் துணிச்சல் என்றும் சொன்னார்கள், விபரீதம் என்றும் சொன்னார்கள். மங்கெய்ராவுக்கு அந்த ஆண்டு கோப்பை கிடைக்கவில்லை.

குழுவின் அமைப்பில் நான் காணும் பெரிய பலவீனம் வேறு. தொடங்கிய நாள் முதல் தலைவர் பிரா. பெயரே 'பிரா பிரெசிடெண்டி' என்றாகிவிட்டது. வாத்தியக்காரரும் அவரே, நிர்வாகியும் அவரே, குழுவின் நினைவும் அவரே. 2019 ஏப்ரலில் பெத் கார்வாலியோ போனார். 2020 டிசம்பரில் கோவிட் உபிரானியை எடுத்துக்கொண்டது. அடுத்த ஆண்டு ரியோவில் கார்னிவலே நடக்கவில்லை. 2025 ஜூனில் 88 வயதில் பிரா. ஆகஸ்டில், பக்கவாதத்தால் எட்டு ஆண்டுகளாகப் படுக்கையில் இருந்த ஆர்லிண்டோ க்ருஸ். குழுவின் கடிவாளம் 64 ஆண்டுகள் பிரா ஒரே ஆளாகப் பிடித்தது. முதல் மேசைக்காரர்களில் அரகாவ், செரெனோ போன்ற சிலர்தான் மிச்சம். கை ரெபிக்கி இப்போது கடைகளில் பல கம்பெனிப் பெயர்களில் கிடைக்கிறது; உபிரானி கழற்றிப்போட்ட அந்த அடித்தோல் இல்லாமல்தான் தொழிற்சாலையிலேயே செய்கிறார்கள்.